ஒரு கழித்தல் குறி

ஆள் தேடித் தரும் நிறுவனங்களில் மனிதரை மனிதர் என்று எவரும் சொல்வதில்லை. 'வளம்' என்பார்கள், 'புரொஃபைல்' என்பார்கள், அவசரமென்றால் 'தலை' என்றுகூடச் சொல்வார்கள். ஒருவருடைய சுயவிவரத்தை ஆறே விநாடிகளில் படித்துவிட முடியும் என்று அங்கே பெருமையாகப் பேசிக்கொள்வதுண்டு. ஆறு விநாடிகளில் ஒரு பத்தியைக்கூட ஒழுங்காகப் படிக்க இயலாது. முப்பதாண்டு உழைப்பை அந்நேரத்தில் எப்படிப் படித்தீர்கள் என்று அவர்களை நிற்கவைத்துக் கேட்க ஆளில்லை; ஆகவே பெருமை தொடர்கிறது.

அத்தகைய நிறுவனமொன்றின் இரண்டாம் மாடியில், சன்னலோர மேசையில், ஒன்பது ஆண்டுகளாக இணையத்தில் ஆள் தேடிக்கொண்டிருந்தவளுக்கு அலுவலகம் இட்ட பெயர் வலைக்காரி. அவள் வலை வீசினால் அகப்படாத ஆளில்லை என்பது அங்கே பேச்சு. பழைய லிப்டுகளைப் பழுதுபார்ப்பவர், கண்ணாடிக் குழாய் ஊதுபவர், பிரெய்ல் அச்சகத்தில் மெய்ப்புப் பார்ப்பவர் என எவரைக் கேட்டாலும் நான்கு நாள்களில் கொண்டுவந்து நிறுத்துவாள்.

ஒரு திங்கட்கிழமை காலை, முதலாளி ஒரு கடிதத்தை அவள் மேசைமீது வைத்தார்.

"பாரும்மா. ஆறு கம்பெனி கைய விரிச்ச கேஸு. வெள்ளிக்கிழமைக்குள்ள ஆள் வேணுமாம்."

கடிதம் ஒரு குளிர்கிடங்கிலிருந்து வந்திருந்தது. உருளைக்கிழங்கும் ஆப்பிளும் டன் கணக்கில் அடுக்கிவைக்கப்படும் அந்தக் கிடங்கைக் குளிர்விப்பது அமோனியா வாயுவில் இயங்கும் பெரிய இயந்திரம். வாயு கசிந்தால் உயிருக்கு ஆபத்து. எனவே சான்றிதழ் பெற்ற ஆபரேட்டர் ஒருவர் பணியில் இருந்தே ஆகவேண்டும். இருந்தவர் வெளிநாட்டு வேலை கிடைத்துப் போய்விட்டார். பாதுகாப்பு ஆய்வாளர் வந்து பார்த்துவிட்டு, வெள்ளி மாலை ஐந்து மணிக்குள் புதிய ஆபரேட்டர் பொறுப்பேற்காவிட்டால் கிடங்குக்கு முத்திரை வைத்துவிடுவதாக எழுதிக் கொடுத்திருந்தார். வயது நாற்பத்தைந்துக்குள் இருக்கவேண்டும் என்று கிடங்கு நிருவாகம் தன் பங்குக்கு ஒரு நிபந்தனையைச் சேர்த்திருந்தது.

வலைக்காரி முகவரியை இரண்டுமுறை படித்தாள்.

"எங்கக்கா இங்கதான் சார் வேல பாக்குறாங்க. தரம் பிரிக்கிற ஹால்ல."

"அப்ப நல்லதாப் போச்சு. இன்னும் வேகமாத் தேடுவே."

அடுத்த மேசையில் இருந்தவர், தொலைபேசியில் நேர்காணல் செய்பவர், நாற்காலியைத் திருப்பினார். தடித்த கண்ணாடி அணிந்தவராகையால் அவர் பெயரே கண்ணாடி. "அக்கா வேலைக்கு ஆபத்துன்னா இவங்க வலையா போடுவாங்க? கடலையே வடிகட்டிருவாங்க சார்."

வலைக்காரி சிரிக்கவில்லை. கிடங்குக்கு முன்னால் அக்கா பார்த்த வேலை ஒரு துணி ஆலையில். அது மூடப்பட்டபின் அடுத்த வேலை கிடைக்கப் பதினான்கு மாதங்கள் ஆயின. அந்தப் பதினான்கு மாதங்களும், மாலை காபிக் குவளையைக் கையில் வைத்துக்கொண்டு, "ஏதாச்சும் பதில் வந்துச்சாடி?" என்று அக்கா கேட்பாள். 'உங்களுக்கு வேலை இல்லை' என்று எழுதுவதற்குக்கூட ஒரு நிறுவனத்துக்கும் மனம் வரவில்லை. இன்னொரு பதினான்கு மாதம் அக்காவுக்கு வரக்கூடாது. வலைக்காரி கைப்பையை இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டுத் திரைமுன் அமர்ந்தாள்.

தேடும் வித்தையை இங்கே சுருக்கமாகச் சொல்லிவிட வேண்டும். வேலை தேடுவோர் பதிந்துவைத்திருக்கும் தளங்களில் ஒரு சொல்லை மட்டும் இட்டுத் தேடினால் குப்பைதான் குவியும். ஆகவே சொற்களைக் கோத்து ஒரு வரி அமைப்பார்கள். சேர்ந்தே வரவேண்டிய சொற்களை மேற்கோள்குறிக்குள் அடைப்பார்கள். இதுவோ அதுவோ போதுமென்றால் நடுவில் 'அல்லது' இடுவார்கள். வேண்டாத சொல்லின் முன்னால் ஒரு கழித்தல் குறி இடுவார்கள். அச்சொல் எவருடைய சுயவிவரத்தில் இருக்கிறதோ அவர் திரைக்கே வரமாட்டார்.

வலைக்காரி ஆறாண்டுகளுக்கு முன் அமைத்த நீண்ட வரியொன்று அலுவலகம் முழுவதும் புழங்கியது. அதற்குத் தாய்வரி என்று பெயர். எவரும் புதிதாக எழுதுவதில்லை. தாய்வரியை நகலெடுத்து, தொழிலின் பெயரை மட்டும் மாற்றிக்கொள்வார்கள். நிறுவனத்துக்குத் தாமாக வந்துசேரும் விண்ணப்பங்களும் அவ்வரியின் வழியாகவே வடிகட்டப்பட்டு உள்ளே போயின.

திங்கள் மாலைக்குள் தாய்வரி இருநூற்றுப் பதினான்கு பேரைக் கொண்டுவந்தது. ஒவ்வொருவரையும் அவள் முழுமையாகப் படித்தாள். அத்தனை பேரும் வீட்டு ஏசி பழுதுபார்ப்பவர்கள்.

"இவங்கள அனுப்பினா கிடங்கு குளிராது, முதலாளி ரூம்தான் குளிரும்" என்றார் கண்ணாடி.

செவ்வாயன்று அவள் வேறு வழியில் இறங்கினாள். சான்றிதழ் வழங்கும் வாரியம் தன் தளத்தின் ஏதோவொரு மூலையில் பட்டியலைப் போட்டிருக்கத்தான் வேண்டும். பொதுத் தேடுபொறியில் அந்தத் தளத்தின் பெயரை மட்டும் எல்லையாக வைத்து, பிடிஎப் கோப்புகளை மட்டும் கேட்டு, 'அமோனியா' என்பதோடு 'செல்லுபடியாகும்' என்ற சொல்லையும் சேர்த்துத் தேடினாள். பதினேழாவது கோப்பில் பட்டியல் கிடைத்தது. முப்பத்தொரு பெயர்கள்; முகவரி இல்லை, தொலைபேசி எண் இல்லை. முப்பத்தொரு பெயர்களையும் தாய்வரியோடு சேர்த்துத் தளங்களிலும் தன் நிறுவனத்தின் விண்ணப்பச் சேமிப்பிலும் தேடினாள். ஒன்பது பேர் வந்தனர். மற்ற இருபத்திரண்டு பேரும் இவ்வுலகில் பிறக்கவே இல்லை என்பதுபோல் திரை வெறுமையாக இருந்தது.

ஒன்பது பேரில் நால்வர் வெளிநாட்டில் இருந்தனர். மூவர் நல்ல வேலையில் இருந்ததால் அசைவதாக இல்லை. ஒருவர் இயந்திரத்தை விட்டு நிலத் தரகராகிவிட்டிருந்தார். அவளிடமே ஒரு மனை விற்கப் பார்த்தார். ஒன்பதாவது எண்ணுக்கு ஒரு பெண்மணி பதில் சொன்னார்.

"அவருங்களா? அவரு தவறி ரெண்டு வருஷம் ஆச்சும்மா."

"மன்னிச்சுக்கங்கம்மா. தெரியாமக் கூப்பிட்டுட்டேன்."

"பரவால்ல." அந்தக் குரலே கேட்டது: "நல்ல வேலையாம்மா?"

"நல்ல வேலைதாம்மா."

"ரொம்ப எதிர்பார்த்துட்டிருந்தாரு. இப்பவாச்சும் வேலைன்னு ஒருத்தர் கூப்பிட்டாங்கன்னு நெனச்சுக்கறேன்."

வலைக்காரி தலையில் மாட்டியிருந்த ஒலிவாங்கியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். அன்று கண்ணாடிகூட வேடிக்கை பேசவில்லை.

புதன் மாலை, வீட்டுச் சமையலறையில், அக்கா சீருடையின் கழன்ற பொத்தானைத் தைத்துக்கொண்டிருந்தாள்.

"ஆள் கிடைச்சாரா?"

"இல்லக்கா."

"கிடைக்கலன்னா விடு. இப்பவே மூஞ்சியத் தொங்கப் போடாத. எனக்காகத் தேடாத, உன் வேலைன்னு தேடு."

"ரெண்டும் ஒண்ணுதான். உங்க இயந்திரக்கூடத்துக்கு இதுக்கு முன்ன யாரெல்லாம் வந்தாங்க? கூப்பிட்டதும் ஓடி வர்ற மாதிரி யாரும் இருக்காங்களா?"

அக்கா நூலைப் பல்லால் அறுத்தாள். "மூணு வருஷம் முன்னாடி ஒருத்தர் வந்தாரு. கம்ப்ரசர் உறுமிக்கிட்டே இருந்துச்சு; ஆளாளுக்கு ஒண்ணு சொன்னாங்க. அவரு ஒரு கம்பிய அதுமேல வச்சு, மறுமுனையில காத வச்சாரு. டாக்டர் மாதிரி. 'மூணாவது பேரிங் போச்சு, நாளைக்கு மத்தியானம் நின்னுடும்'னாரு."

"நின்னுச்சா?"

"மத்தியானம் வரைக்கும் எங்க தாங்குச்சு? காலையிலேயே நின்னுடுச்சு."

"பேரு என்னக்கா?"

"யாருக்குத் தெரியும்? சார்னுதான் கூப்பிட்டோம். அவரு ஆபரேட்டர் இல்லடி. பசங்களுக்குப் பயிற்சி குடுக்க ஏதோ நிலையத்துலேர்ந்து வந்த பயிற்றுநர். அந்த நிலையத்தையும் அப்புறம் மூடிட்டாங்கன்னு கேள்வி."

வலைக்காரி எழுந்து நின்றாள்.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?"

அவளுக்கு நினைவு வந்தது ஒரு பேயைவிடப் பழைய விஷயம். ஆறாண்டுகளுக்கு முன் ஒரு கப்பல் பட்டறைக்கு வெல்டர் தேடினாள். திரை நிறையப் பயிற்சி நிலையங்களின் விளம்பரங்களே வந்து விழுந்தன. எரிச்சலில் வரியின் கடைசியில் ஒரு கழித்தல் குறியிட்டு 'பயிற்றுநர்' என்று எழுதினாள். விளம்பரங்கள் மறைந்தன, வெல்டர் கிடைத்தார். அந்த வெல்டர் பின்னர் ஓய்வும் பெற்றுவிட்டார். குறி மட்டும் ஓய்வு பெறவில்லை. தாய்வரியின் வாலில் ஒட்டிக்கொண்டு, நகலுக்கு நகல் தாவி, ஆறாண்டுகளாகக் கற்பிக்கத் தெரிந்த ஒவ்வொருவரையும் சத்தமில்லாமல் வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. ஒரு தொழிலில் முப்பதாண்டு கைதேர்ந்தவரைத்தான் பிறருக்குக் கற்பிக்க அழைப்பார்கள். அவர் அதைத் தம் சுயவிவரத்தில் எழுதியதுதான் குற்றம்.

வியாழன் காலை எட்டு மணிக்கே அலுவலகத்தைத் திறந்து, தாய்வரியின் கடைசிக்குப் போனாள். குறி அங்கேயே இருந்தது. அழித்தாள். முப்பத்தொரு பெயர்களையும் மறுபடி தேடினாள். காணாமற்போன இருபத்திரண்டு பேரில் பதினான்கு பேர் அடுத்தடுத்துத் திரைக்கு வந்தனர். அவர்களுள் ஒருவர் இதே நகரத்தில் இருந்தார். சான்றிதழ் இன்னும் நான்காண்டு செல்லும். இதற்கு முன் பார்த்த வேலை, மூடப்பட்ட பயிற்சி நிலையமொன்றில் பயிற்றுநர். வயது ஐம்பத்தேழு. அவர் பெயருக்குக் கீழே, நிறுவனச் சேமிப்பில், ஏழு தேதிகள் இருந்தன. இரண்டாண்டுகளில் ஏழுமுறை இதே நிறுவனத்துக்கு விண்ணப்பித்திருந்தார். ஏழுக்கும் எதிரே 'பொருந்தவில்லை' என்று இருந்தது. ஒன்றையும் ஒருவரும் திறந்து பார்த்த அடையாளமில்லை.

அவரைத் தொலைபேசியில் அழைக்குமுன் அவள் இன்னொரு கேள்வியைச் சேமிப்பிடம் கேட்டாள். அந்த ஒரு குறியால் மட்டுமே தள்ளப்பட்டவர்கள் எத்தனை பேர்? விடை வந்தது: அறுநூற்றுப் பன்னிரண்டு. அதை ஒரு தாளில் எழுதி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். பிறகு எண்களை அழுத்தினாள்.

நிறுவனத்தின் பெயரைச் சொன்னதும் மறுமுனையில் ஒரு செருமல் கேட்டது.

"நான் ஏழு தடவ கதவத் தட்டினேனே, அந்த நிறுவனமா?"

"ஆமா சார்."

"இன்னைக்குக் கதவத் தொறந்தது யாரு? காத்தா?"

இணைப்பு அறுந்தது. மறுபடி அழைத்தாள்; எடுக்கவில்லை. சுயவிவரத்தில், 'தற்போதைய பணி' என்னுமிடத்தில், வணிக வளாகமொன்றின் வாகன நிறுத்துமிடம் என்று எழுதியிருந்தார். பையைத் தோளில் மாட்டினாள்.

"எங்க கிளம்பிட்டீங்க?" என்றார் கண்ணாடி. "வலைக்காரி நேர்ல ஆள் பிடிக்கப் போறது இதுதான் முதல் தடவ."

"பிடிக்கப் போகல. திட்டு வாங்கப் போறேன்."

பேருந்தில் நாற்பது நிமிடங்கள் ஆயின. வாகன நிறுத்துமிடத்தின் வாயிலில், ஓர் ஆள் மட்டுமே உட்காரக்கூடிய தகரக் கூண்டுக்குள், சீருடைச் சட்டையின் கழுத்துப் பொத்தானையும் போட்டுக்கொண்டு பயிற்றுநர் அமர்ந்திருந்தார். வண்டி வந்தால் தடுப்புக் கம்பத்தை ஏற்றுவதும் இறக்குவதும் அவர் வேலை. கம்பத்தின் கீலுக்கு அவர் எண்ணெய் இட்டுவைத்திருந்ததால் அது ஓசையின்றி ஏறியது.

அவள் தன்னை அறிமுகம் செய்துகொண்டாள். அவர் கம்பத்திலிருந்து கண்ணெடுக்கவில்லை.

"கம்ப்யூட்டர் தப்புப் பண்ணிடுச்சுன்னு சொல்லத்தானே வந்தீங்க?"

"இல்ல சார். கம்ப்யூட்டர் நான் சொன்னதச் செஞ்சுது. தப்புப் பண்ணினது நான்."

ஒரு கார் வந்தது. கம்பம் ஏறியது, இறங்கியது. அவர் முதன்முறையாக அவளைப் பார்த்தார். அவள் கழித்தல் குறியைப் பற்றி ஒன்று விடாமல் சொன்னாள்: வெல்டரைச் சொன்னாள், விளம்பரங்களைச் சொன்னாள், ஏழு தேதிகளையும் அச்சிட்டிருந்த தாளை நீட்டினாள்.

அவர் தாளை வாங்கித் தூரத்தில் பிடித்துப் படித்தார். "இதுல நாலாவது தேதி, என் பொண்ணு நிச்சயம் நின்னுபோன வாரம். மாப்பிள்ளை வீட்ல, 'அப்பா என்ன பண்றாரு'ன்னு கேட்டாங்க. பதில் இல்ல எங்கிட்ட." தாளை நான்காக மடித்தார். "இல்லன்னு ஒரு வரி எழுதியிருந்தாக்கூட வேற எடம் பாத்திருப்பேன். ஒண்ணும் வராதபோது மனுசன் என்ன நெனைப்பான்? நம்மள்லதான் ஏதோ கோளாறுன்னு நெனைப்பான்."

"எங்கக்கா பதினாலு மாசம் அப்படித்தான் சார் நெனச்சாங்க. அந்த அக்காதான் இப்ப அந்தக் கிடங்குல இருக்காங்க. நாளைக்கு அஞ்சு மணிக்கு முத்திரை வைக்க வராங்க. இத மறைச்சுக் கேக்க விரும்பல."

"எந்தக் கிடங்கு?"

சொன்னாள்.

"மூணாவது பேரிங்" என்றார் அவர், தமக்குத்தாமே. பிறகு, "என்னை மாதிரி எத்தனை பேரு?"

அவள் பையிலிருந்து மற்றத் தாளை எடுத்துக் கொடுத்தாள். அவர் அதிலிருந்த ஒரே எண்ணை நெடுநேரம் பார்த்தார். பின்னால் ஒரு வண்டி ஒலி எழுப்பியது, கம்பம் ஏறவில்லை. மறுபடியும் ஒலி எழுப்பியது.

"ஹலோ, தூங்குறீங்களா?" என்று ஓட்டுநர் கத்தினார்.

"இப்பத்தான் முழிச்சேன், போங்க" என்று கம்பத்தை ஏற்றினார் பயிற்றுநர். பிறகு அவளிடம் திரும்பினார். "நான் வரேன். ஆனா இந்த அறுநூத்திப் பன்னெண்டு பேருக்கும் பதில் போகணும். வேலை இல்லன்னா இல்லன்னு சொல்லணும். தப்புக்கு மன்னிப்பும் கேக்கணும். லெட்டர்ல வேணாம், எல்லாருக்கும் ஒரே லெட்டர் அனுப்பிடுவீங்க. போன்ல பேசணும். நீங்க பேசணும்."

"பேசுறேன் சார்."

"யோசிச்சுச் சொல்லுங்க."

"பஸ்ஸிலேயே யோசிச்சுட்டுத்தான் வந்தேன்."

கூண்டின் நிழலில் நின்றபடியே அவள் கிடங்கு மேலாளரை அழைத்தாள். ஆள் கிடைத்தார் என்றதும் மகிழ்ந்த அவர், வயதைக் கேட்டதும் இழுத்தார். "அம்பத்தேழா? எங்க பாலிசி நாப்பத்தஞ்சுங்க."

"சார், நாளைக்கு அஞ்சு மணிக்கு வர்றவரு வயசக் கேக்க மாட்டாரு. சான்றிதழக் கேப்பாரு. உங்க பாலிசியக் கதவுல ஒட்டினா அவரு முத்திரை வைக்காமப் போயிடுவாரா?"

 மறுமுனை, மறுநாள் காலை எட்டு மணிக்கு அனுப்பச் சொன்னது.

வெள்ளியன்று அவள் விடுப்பு எடுத்துக்கொண்டு கிடங்குக்குப் போனாள். பயிற்றுநர் எட்டடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போதே வந்துவிட்டார். உடனே கையெழுத்திடுவார் என்று எதிர்பார்த்து மேலாளர் பதிவேட்டை நீட்டினார். அவரோ பேனாவைத் தொடாமல் இயந்திரக்கூடத்தைச் சுற்றினார். வாயுக் கசிவை உணர்த்தும் எச்சரிக்கைக் கருவியின் மூடியைத் திறந்தார். உள்ளே கம்பிகள் துண்டிக்கப்பட்டிருந்தன.

"சும்மா சும்மா கத்துதுன்னு கழட்டிட்டாங்க" என்றார் மேலாளர்.

"கத்துறதுதாங்க அதோட வேலை. இது கத்துற வரைக்கும் நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"சார், அஞ்சு மணிக்கு..."

"அப்ப பேசிக்கிட்டு நிக்காம ஒரு எலக்ட்ரீஷியனக் கூப்பிடுங்க."

தரம் பிரிக்கும் கூடத்தில் வேலை நடந்தது; ஆயினும் ஆப்பிள்களைவிடக் கடிகாரத்தையே அனைவரும் பார்த்தனர். இடைவேளையில் அக்கா வெளியே வந்து தங்கையின் அருகில் நின்றாள்.

"நல்ல ஆளத்தான் பிடிச்சுட்டு வந்திருக்க. முத்திரைய அவரே வச்சுடுவார் போல."

"சும்மா இருங்கக்கா."

மூன்றே முக்காலுக்கு எச்சரிக்கைக் கருவி அலறியது. கூடமே காதைப் பொத்திக்கொண்டது. பயிற்றுநர் மட்டும் பொத்தாமல், அது முழுமையாக அலறி முடியும்வரை கேட்டார். பின்னர் பதிவேட்டை வாங்கிக் கையெழுத்திட்டார். நான்கரைக்கு வந்த ஆய்வாளர் சான்றிதழைப் படித்தார், கருவியைச் சோதித்தார், பதிவேட்டின் நேரத்தைப் பார்த்தார். அரக்கும் முத்திரையும் இருந்த அவருடைய பெட்டி திறக்கப்படாமலே திரும்பிப் போயிற்று. அக்கா தங்கையின் கையை ஒருமுறை அழுத்திவிட்டு, "ஷிப்ட் முடிய இன்னும் அரைமணி இருக்கு" என்று உள்ளே போனாள்.

திங்கட்கிழமை முதலாளி இனிப்பு வாங்கி வந்தார். வலைக்காரி தன் மேசையில் ஒரு நீண்ட பட்டியலை விரித்துவைத்திருந்தாள்.

"என்னம்மா இது?"

அவள் சொன்னாள். அவர் முகத்தில் இருந்த இனிப்பு இறங்கிப்போயிற்று.

"அறுநூறு பேருக்குப் போனா? நாமளே தப்புன்னு ஒத்துக்கிட்டா? வேற வேலை இல்லையா உனக்கு?"

"ஒரு நாளைக்குப் பத்துப் பேரு சார். மூணு மாசத்துல முடிஞ்சிடும்."

"யாரோட நேரத்துல?"

"நிறுவனத்தோட நேரத்துலதான். தப்பு நிறுவனத்தோட வரியிலதான் இருந்துச்சு." அவள் குரலை உயர்த்தவில்லை. "முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க சார். எனக்கும் ஒரு சுயவிவரம் எழுதணும். பதில் போடுற கம்பெனியாப் பாத்துத்தான் அனுப்பணும்."

முதலாளி அவளைப் பார்த்தார், இனிப்புப் பெட்டியைப் பார்த்தார், கண்ணாடியைப் பார்த்தார். கண்ணாடி எழுந்து வந்து, பட்டியலின் கடைசித் தாளை உருவித் தன் மேசைக்குக் கொண்டுபோனார்.

"நான் கீழேர்ந்து வரேன்" என்றார். "நடுவுல எங்கயாச்சும் சந்திப்போம்."

முதலாளி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வேண்டாமென்று மட்டும் அவர் சொல்லவில்லை.

வலைக்காரி ஒலிவாங்கியை மாட்டிக்கொண்டு முதல் எண்ணை அழுத்தினாள். தையல் பயிற்றுநராக இருந்த ஒரு பெண்மணி. விண்ணப்பித்து மூன்றாண்டுகள் ஆகியிருந்தன.

அவள் சொல்லி முடிக்கும்வரை அந்த அம்மாள் கேட்டார். பிறகு வெடித்தார். "மூணு வருஷம் கழிச்சு இல்லன்னு சொல்லவா போன் பண்ணீங்க? அதுக்கு ஒரு மன்னிப்பு வேறயா? வெக்கமா இல்ல?"

"இருக்குங்கம்மா."

மறுமுனையில் தையல் இயந்திரமொன்று ஓடி, நின்றது.

"உங்க சுயவிவரத்த இப்பத்தான் முழுசாப் படிச்சேன்" என்றாள் வலைக்காரி. "ரெண்டாம் பக்கத்துல, தோல் தைக்கிற மெஷின் தெரியும்னு எழுதியிருக்கீங்க. எத்தனை வருஷமாத் தெரியும்?"

"அதையும் படிச்சீங்களா?" என்றது குரல்.

வலைக்காரி பேனாவின் மூடியைக் கழற்றினாள். "சொல்லுங்கம்மா. எழுதிக்கறேன்."